சின்ன அம்ப்புக்கு எந்த பவர் சப்ளை? கரண்ட் போனாலும் குரல் போகக் கூடாது



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத் தலைவர்மார், கோயில் கமிட்டிக்காரர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் நானாமார், பாடசாலையில் மைக் செட் பொறுப்பை எடுத்திருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். நேரம் இல்லாதவர்கள் கடைசியில் உள்ள சுருக்கத்தையாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் மழைக்குப் பிறகு நம் பக்கத்தில் சின்ன அம்ப் வாங்கியவர்கள் அதிகம். உள்ளங்கையளவு போர்ட், புளூடூத், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். தோட்டத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, முன்பள்ளிக்கு ஒன்று. நல்ல விஷயம். ஆனால் எங்களிடம் வந்து கேட்பவர்கள் எல்லோரும் "எந்த அம்ப் வாங்கலாம் சேர்?" என்றுதான் கேட்கிறார்கள். "அதற்கு எந்த பவர் சப்ளை போடலாம்?" என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நாங்கள் என்று சொல்வது, விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களையும் சனிக்கிழமைகளில் ஆய்வுகூடத்தில் சோல்டரிங் அயனோடு உட்காரும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். பழுதாகிவிட்டது என்று எங்கள் மேசைக்கு வந்த அம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு அம்ப்பில் பிறவிக்கோளாறு எதுவும் இருக்கவில்லை. கரண்ட் கொடுத்த விதம்தான் பிழை.

ஒரு உதாரணம். மேல்பிரிவில் இருந்து மூன்று இளைஞர்கள் வந்தார்கள். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து வாங்கிய அம்ப். கடையில் அடப்டர் கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் இருந்த பழைய லெப்டொப் சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"முள்ளு சரியா போச்சு சேர், அதான் போட்டோம். ரெண்டு பாட்டு ஓடுச்சு. மூணாவது பாட்டுல புகை வந்திருச்சு."

போர்ட்டில் 12 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. சார்ஜரில் 19 வோல்ட். முள் சரியாகப் போய்விட்டது என்பதால் மின்சாரமும் சரி என்று ஆகிவிடாது. அந்த இளைஞர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததால் வீட்டுக்கு வீடு சேர்த்த காசு புகையாகப் போனது. அந்த ஒரு வார்த்தையை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைக்கத்தான் இந்தப் பதிவு.

*வாட் எங்கிருந்து வருகிறது?*

பெட்டியில் 200 வாட், 300 வாட் என்று போட்டிருப்பார்கள். அதோடு வரும் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 24 வாட். 24 வாட் நுழையும் வாசலால் 200 வாட் எப்படி வெளியே வரும்? அம்ப் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பவர் சப்ளை கொடுப்பதை எடுத்து, நம் குரலின் வடிவத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

தரம் 10 பிள்ளைகளே செய்துபார்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. இப்போது வரும் சின்ன டிஜிட்டல் போர்ட்களுக்கு இது பொருந்தும். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்குங்கள். ஸ்பீக்கரின் ஓம் அளவை இரண்டால் பெருக்கி, அதால் வகுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடிய வாட் வரும்.

12 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர்: 144 ஐ 16 ஆல் வகுத்தால் 9 வாட்.
12 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கர்: 144 ஐ 8 ஆல் வகுத்தால் 18 வாட்.
19 வோல்ட், 8 ஓம்: ஏறத்தாழ 22 வாட்.
24 வோல்ட், 8 ஓம்: 36 வாட்.

நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது.

*முதலில் வோல்ட்*

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பீலியை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். மலை மேலே உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் இழுத்தால் பீலியில் தண்ணீர் வேகமாக விழும். அந்த உயரம்தான் வோல்ட். ஊற்று எவ்வளவு தண்ணீர் தரக்கூடியது என்பது அம்பியர். உயரம் அளவுக்கு மிஞ்சினால் குழாய் வெடிக்கும். ஊற்றில் தண்ணீர் கூட இருந்தால் எதுவும் வெடிக்காது, பீலியைத் திறக்கும் அளவுக்குத்தான் வரும்.

ஆகவே வோல்ட்டில் மட்டும் விளையாட்டு வேண்டாம். போர்ட்டின் நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லில் ஓர் எண் இருக்கும். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் பக்கத்துக்கு அதிகம் வருபவை இவை:

பிஏஎம் 8403: 5 வோல்ட். போன் சார்ஜரில் ஓடும். ஒரு வகுப்பறைக்குப் போதும். 12 வோல்ட் கொடுத்தால் அந்த நிமிடமே முடிந்துவிடும்.
பிஏஎம் 8610: 7 முதல் 15 வோல்ட் வரை.
டிடிஏ 7297: 6.5 முதல் 18 வோல்ட் வரை.
டிபிஏ 3116, 3118: 4.5 முதல் 26 வோல்ட் வரை.

கடைசியில் உள்ள டிபிஏ வகையை நாங்கள் விரும்புவதற்குக் காரணம் சத்தம் மட்டும் இல்லை. அதே போர்ட் 12 வோல்ட் பெட்டரியிலும் ஓடும், 19 வோல்ட் லெப்டொப் சார்ஜரிலும் ஓடும். ஆனால் சில்லு தாங்கும் என்பதற்காகப் போர்ட் முழுவதும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். போர்ட்டில் உள்ள உருளை வடிவக் கெப்பாசிட்டரில் 16 வோல்ட் என்று எழுதியிருந்தால் 19 கொடுக்கக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை.

எழுதியிருப்பது 12 வோல்ட், உள்ளே வருவது வேறு என்ற கதையும் உண்டு. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, கைக்குப் பாரமான பழைய ட்ரான்ஸ்போமர் அடப்டர். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். சுமை இல்லாதபோது மீட்டர் வைத்துப் பார்த்தால் 16, 17 வோல்ட் காட்டும். 12 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் அதன் உச்சம் ஏறத்தாழ 17 வோல்ட் வரும் என்பது இதற்குக் காரணம். அந்தக் காலத்தில் 12-0-12 ட்ரான்ஸ்போமர் வைத்துக் கட்டிய அம்ப்களுக்கு அது பொருத்தம். இன்றைய 15 வோல்ட் சில்லுக்கு அது எமன்.

இரண்டு, சோலார் பெனல். 12 வோல்ட் பெனல் என்று விற்பார்கள். வெயிலில் சுமை இல்லாமல் வைத்தால் 21, 22 வோல்ட் வரை போகும். பெனலை நேரே அம்ப்பில் கொடுக்கவே கூடாது. சார்ஜ் கன்ட்ரோலரும் பெட்டரியும் நடுவில் இருக்க வேண்டும்.

மூன்று, இரண்டு பெட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் எடுப்பது. சார்ஜில் இருக்கும்போது அது 27 வோல்ட்டைத் தாண்டும். டிபிஏ சில்லின் எல்லையே 26.

பிறகு முள்ளு. வெளியே ஒரே அளவாகத் தெரிந்தாலும் உள்துளை 2.1 மில்லிமீற்றர், 2.5 மில்லிமீற்றர் என்று இரண்டு வகை உண்டு. 2.5 முள்ளு 2.1 ஜெக்குக்குள் இலேசாகப் போய்விடும், ஆனால் ஆடும். மைக்கில் கதைக்கும்போது விட்டுவிட்டுக் கேட்கிறது என்று வந்த அம்ப்களில் இது அடிக்கடி கண்டது. நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதையும் பாருங்கள். அடப்டரின் ஸ்டிக்கரில் வட்டமும் புள்ளியுமாகச் சின்னப் படம் இருக்கும். மாறிப் போட்டால் பல போர்ட்கள் அங்கேயே போய்விடும்.

*பிறகு அம்பியர்*

"5 அம்பியர் போட்டா எரிஞ்சிரும்னு சொன்னாங்களே?" என்று ஓர் அண்ணன் கேட்டார். எரியாது. பீலிக் கதைதான். அம்ப் கேட்பதை மட்டும்தான் எடுக்கும். குறைவாகப் போட்டால்தான் தொல்லை. சத்தம் கூட்டியதும் அடப்டர் மூச்சுத் திணறும், அம்ப் நின்று நின்று வேலைசெய்யும், அடப்டர் சூடாகும், மலிவானதென்றால் உருகியும்விடும்.

கணக்கு இலகு. மொத்த வாட்டை வோல்ட்டால் வகுத்து, அதில் கால்வாசியைக் கூட்டுங்கள். 12 வோல்ட்டில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 36 வாட். 36 ஐ 12 ஆல் வகுத்தால் 3. கால்வாசி கூட்டினால் 3.75. ஆகவே 4 அம்பியர் வாங்க வேண்டும், 5 என்றால் இன்னும் நல்லது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2 அம்பியர் போதும்.

ஸ்டிக்கரில் 5 அம்பியர் என்று எழுதி, தூக்கினால் வெற்றுப் பெட்டி மாதிரி இலேசாக இருக்கும் அடப்டர்களை நம்பாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பழைய லெப்டொப் சார்ஜர், 19 வோல்ட் 3.42 அம்பியர் என்று எழுதியது, அப்படிப்பட்ட புதிய அடப்டரைவிட மேல். போர்ட் 19 ஐத் தாங்கினால் மட்டும்.

*சத்தம் போதாது என்றால்?*

24 வோல்ட் போட்டால் வாட் நான்கு மடங்கு ஆகிறதே, அதையே போடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். காது வாட்டை அப்படி எண்ணுவதில்லை. நான்கு மடங்கு வாட் என்றால் 6 டெசிபல்தான் கூடும். திறந்த வெளியில், ஒரு லயம் தூரம் கேட்டது இரண்டு லயம் தூரம் கேட்கும். அவ்வளவுதான்.

ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 85 முதல் 90 டெசிபல் வரை தரும். ஹோர்ன் 100 ஐத் தாண்டும். அந்த வித்தியாசத்தை வோல்ட்டால் எட்டிப்பிடிக்க முடியாது. பாட்டுக்கு ஹோர்ன் அழகில்லை. அறிவித்தலுக்கு அதை வெல்ல ஆள் இல்லை. 8 ஓம் ஹோர்ன் ஒன்றும் 12 வோல்ட்டும் இருந்தால், ஒன்பது வாட்டுக்குள் ஒரு பிரிவு முழுவதும் கூப்பிடலாம். வாங்கும்போது 8 ஓம் என்று கேட்டு வாங்குங்கள். பெரிய அம்ப்களுக்கென்று வரும் 100 வோல்ட் லைன் ஹோர்ன் சின்ன அம்ப்புக்குச் சரிவராது.

இதைத் தெரிந்துகொண்டால் பவர் சப்ளைக்குக் கொட்டும் காசு மிச்சம். 12 வோல்ட்டில் நின்றுகொள்ளலாம். 12 வோல்ட்டில் நின்றால் இன்னொரு கதவு திறக்கும், அதைக் கீழே சொல்கிறோம்.

*பிள்ளைகளின் கை*

அதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். கடைகளில் ஓட்டை ஓட்டையாகத் தகரப்பெட்டி போட்ட 12 வோல்ட் சப்ளை விற்பார்கள். எல்ஈடி லைட்டுக்கும் கெமராவுக்கும் போடுவது. விலை குறைவு, அம்பியர் தாராளம். ஆனால் அதன் ஓரத்தில் திறந்திருக்கும் திருகாணிகளில் இரண்டில் 230 வோல்ட் நிற்கிறது. அதைப் பிள்ளைகள் இருக்கும் மேசையில் அப்படியே வைப்பது பெரும் ஆபத்து. போடுவதென்றால் மூடிய பெட்டிக்குள் போட்டு, ஏர்த் வயரைக் கட்டாயம் கொடுத்து, தெரிந்த மின்வேலைக்காரரைக் கொண்டு செய்யுங்கள்.

மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றும் சொல்வார்கள். இரண்டு முள் அடப்டர்கள் பலவற்றில் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் இருக்கும். காய்ந்த நிலத்தில் தெரியாது. நம் ஊரில் நிலம் எப்போது காய்கிறது? ஈரச் சப்பாத்தோடு ஈர சீமெந்தில் நிற்கும் பிள்ளைக்கு அது தெரியும். சுருக்கென்பது பலமாக இருந்தால் அது கசிவு இல்லை, கோளாறு. அந்த அடப்டரைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். மூன்று முள் பிளக், உண்மையாகவே மண்ணில் இறங்கிய ஏர்த், வேலைசெய்யும் ட்ரிப் சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாத கட்டடத்தில் பிள்ளையின் கையில் மைக் கொடுக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

பழைய லயங்களின் வயரிங் எப்படி இருக்கிறது என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையில்லை. ஒரு காம்பராவில் இருந்து இன்னொரு காம்பராவுக்கு இழுத்த வயரில் அம்ப்பும் ஓடி, தேநீர்க் கேத்தலும் ஓடும் இடங்கள் உண்டு. அந்த வயரை நம்பி மைக்கைப் பிள்ளையின் வாயருகே வைக்க எங்களுக்கு மனம் வராது.

*கரண்ட் போகும்*

இனி அந்தக் கதவு.

இந்த நாட்டின் நீர்மின்சாரத்தின் பெரும் பங்கு நம் மலையில் பிறக்கிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இந்த ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். லக்ஷபான மின்நிலையம் 1950 இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன், கெனியன் என்று நம் பிள்ளைகள் பாடசாலை பஸ்ஸில் தாண்டிப் போகும் நீர்த்தேக்கங்களின் தண்ணீர்தான் தூரத்து ஊர்களில் விளக்காக எரிகிறது. கம்பிகள் லயத்துக் கூரைக்கு மேலால் போன பல காலம் லயத்துக்குள் எரிந்தது குப்பி லாம்புதான். வெளிச்சம் நமக்குப் பிந்தித்தான் வந்தது. போகும்போது மட்டும் முந்திக்கொண்டு போகிறது.

2022 மார்ச் 31 ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் ஒரேயடியாகப் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது காரணம் என்று அமைச்சரே சொன்னார். அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி. நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து, பாதை இல்லை, கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நாள்கணக்கில்.

அந்த நாட்களில் எங்கள் பாடசாலை மண்டபத்தில் குடும்பங்கள் தங்கியிருந்தன. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது. பெரிய அம்ப் ஒன்று அலுமாரியில் இருந்தது. 230 வோல்ட் இல்லாமல் அது வெறும் பாரம். வேலைசெய்தது, பிள்ளைகள் விஞ்ஞானக் கண்காட்சிக்காகச் செய்துவைத்திருந்த 12 வோல்ட் போர்ட்டும், ஒரு ஹோர்னும், ஒரு பெட்டரியும்தான். தரம் 10 மாணவி ஒருத்தி பெயர் வாசித்தாள். யார் யாருக்கு மருந்து வந்திருக்கிறது, எந்தக் குழந்தைக்குப் பால்மா, யார் யாரைத் தேடுகிறார்கள். வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்லவே கூச்சப்படும் பிள்ளை. மழைக்கு மேலால் அவளுடைய குரல் மண்டபத்தின் கடைசி மூலை வரை போனது. கீழ் லயத்துப் பாட்டி ஒருவர் தன் பேரனின் பெயரைக் கேட்டு எழும்பி, "இங்க இருக்கேன்யா, இங்க இருக்கேன்" என்று கையை உயர்த்தினார். அதற்குச் செலவானது சில வாட் மட்டுமே.

அதனால்தான் நாங்கள் சொல்வது: நம் மலையில், பொதுக் காரியத்துக்கான சின்ன அம்ப்புக்குப் பொருத்தமான பவர் சப்ளை 12 வோல்ட் பெட்டரி. சுவர் பிளக் அதைச் சார்ஜ் பண்ணுவதற்கு.

*பெட்டரி எப்படி?*

யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி சீல் பண்ணிய பெட்டரி போதும். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் பாரம். ஒரு பிள்ளை தூக்கலாம். அதைப் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்தால் 3.5 அம்பியர் மணி நம் கையில். கதைக்கும்போது சின்ன டிஜிட்டல் அம்ப் சராசரியாகக் கால் அம்பியர் அளவில்தான் எடுக்கும். விட்டுவிட்டுத்தானே கதைக்கிறோம். 3.5 ஐ 0.25 ஆல் வகுத்தால் 14 மணித்தியாலம். சத்தமாகப் பாட்டுப் போட்டால் இதில் பாதி என்று வையுங்கள்.

பெட்டரியில் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் இல்லை. மலிவு அடப்டரின் கீச்சொலி இல்லை. மெல்லிய குரல் உள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி. முக்கியமாக, சார்ஜரைக் கழற்றிவிட்டால் பிள்ளையின் கையில் உள்ள மைக்குக்கும் 230 வோல்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கட்டாயம் செய்யவேண்டியவை: பெட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் பியூஸ். இது இல்லாமல் வயர் முட்டினால் அம்ப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவை இருக்காது, வயரே பழுத்து நெருப்பாகும். முனைகளுக்கு மூடி. சார்ஜர் அந்த வகைப் பெட்டரிக்கு உரியதாக இருக்க வேண்டும். ஈயப் பெட்டரியைச் சார்ஜரிலேயே விட்டுவைப்பதென்றால் 13.5 முதல் 13.8 வோல்ட். லித்தியம் என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர், ஆள் இருக்கும் நேரத்தில். மீட்டர் 11.5 க்கு இறங்கும் முன் நிறுத்துங்கள். பாவிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். மழைக்காலம் தொடங்கியபின் திறந்து பார்த்து, செத்துப்போன பெட்டரியைக் கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

கரண்ட் கட் காலத்தில் பலர் வாங்கிய ரவுட்டர் யூபிஎஸ் வீட்டில் சும்மா கிடந்தால், 12 வோல்ட் 2 அம்பியர் என்று இருந்தால், ஒரு 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதையும் பாவிக்கலாம். போன் பவர் பேங்க் 5 வோல்ட் அம்ப்புக்குச் சரிவரும். ஆனால் குறைந்த மின்னோட்டம் போகும்போது சில பவர் பேங்க்குகள் தானாகவே அணைந்துவிடும். முன்கூட்டியே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.

*ஏன் இவ்வளவு சொல்கிறோம்?*

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது, அது பெரிய கேள்வி, அதற்கான பதிலை நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அம்ப் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறது. சிவப்பு என்றால் வெளியேறு. அந்தச் செய்தி யாரோ ஒருவரின் போனுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாமல், மழைச் சத்தத்துக்குள், கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவில் தூங்கும் குடும்பத்துக்கு எப்படிப் போகும்? அந்தக் கடைசி இருநூறு மீற்றருக்குத்தான் இந்த 12 வோல்ட்.

*சுருக்கம்*

1. சில்லின் எண்ணையும் கெப்பாசிட்டரின் வோல்ட்டையும் பாருங்கள். குறைந்ததுதான் எல்லை.
2. அடப்டரைப் போடுமுன் மீட்டரில் அளந்து பாருங்கள். பிளஸ், மைனஸ், முள்ளின் அளவையும் பாருங்கள்.
3. அம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. வாட்டை வோல்ட்டால் வகுத்துக் கால்வாசி கூட்டுங்கள்.
4. சத்தம் போதாவிட்டால் வோல்ட்டைத் தொடாதீர்கள், 8 ஓம் ஹோர்ன் போடுங்கள்.
5. பொது இடத்துக்கு 12 வோல்ட் பெட்டரி, 5 அம்பியர் பியூஸ், உரிய சார்ஜர்.
6. அடப்டரையும் பெட்டரியையும் ஒரே நேரத்தில் அம்ப்பில் கொடுக்காதீர்கள். இருவழி சுவிட்ச் ஒன்று போதும்.

கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ முன்பள்ளிக்கோ வாங்கிய அம்ப் இருந்தால், அடப்டரோடு சேர்த்து எந்தச் சனிக்கிழமையும் காலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவாருங்கள். அளந்து பார்த்து, எந்த சப்ளை பொருந்தும் என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டித் தருவோம். காசு வேண்டாம். பழைய லெப்டொப் சார்ஜர், வேலைசெய்யும் யூபிஎஸ் பெட்டரி வீட்டில் சும்மா இருந்தால் கொண்டுவந்து தாருங்கள். பிள்ளைகள் சோதித்துத் தேவையான தோட்டத்துக்குக் கொடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிர்ந்துவிடுங்கள். அடுத்த பருவமழைக்கு முன்.